ஊசி போய் யோசனை வந்தது

கேள்வி: ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸம்மாக்கள் எல்லாம் ‘ஹெல்த் கோச்’ ஆகி யோசனை சொல்லக் கிளம்பிவிட்டார்களே, ஊசிக்குப் பயந்தவர்களுக்கு நல்ல காலமா? (வாசகர், சூளகிரி)

இதைச் சூளகிரிக்காரர் கேட்கலாமா? தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதே உங்கள் பக்கத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வந்தது. மாத்திரையைக் கொடுக்க ஒரு நிமிஷம் போதும். “பாதியில் ஏன் நிறுத்தினீங்க, ஊறுகாயை எப்போ விடுவீங்க” என்று பேசித் தீர்ப்பதுதான் மீதி வேலை முழுவதும். ஷிப்ட் மாறி மாறி ஓடும் சிப்காட் தொழிற்பேட்டைத் தொழிலாளிக்கு எப்போது சாப்பிடுவது, எப்போது தூங்குவது என்று சொல்ல, நைட் டியூட்டி பார்த்த நர்ஸைவிடத் தகுதியானவர் யார்? படித்தது படுக்கையோர வேலைக்குத்தானே என்பீர்கள். நவீன நர்ஸிங்கின் முன்னோடி ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-ல் எழுதிய பிரபலமான நர்ஸிங் புத்தகமே நர்ஸ்களுக்காக அல்ல, வீட்டில் பிறர் உடல்நலத்தைக் கவனிக்கும் சாதாரணப் பெண்களுக்காக!

அப்போ வார்டை யார் பார்ப்பது? நியாயமான கேள்விதான், ஆனால் கேட்க வேண்டியது கிளம்பியவர்களிடம் அல்ல. தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்ட அரசு நர்ஸ்கள் நிரந்தரம் கேட்டு 2017-ல் சென்னையில் போராட வேண்டியிருந்தது. வார்டில் ஆள் நிற்க வேண்டுமானால் சம்பளமும் நிற்க வேண்டும். இன்னொன்று: ‘கோச்’ என்று போர்டு மாட்ட நம் நாட்டில் லைசென்ஸ் தேவையில்லை, நர்ஸுக்கோ கவுன்சில் பதிவு கட்டாயம். யோசனைக்குப் பணம் கட்டும் முன் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். பதில் வராவிட்டால், ஊசியே தேவலாம்!