கெட்டிமேள விளைவு: கைபேசி பேட்டரியின் ஆயுட்கணிப்பு குறித்து ஓர் ஆய்வு

கைபேசியில் சார்ஜ் எவ்வளவு நேரம் தாங்கும் என்ற வினாவுக்கு இதுவரை இரண்டே விடைகள் வழக்கில் உள்ளன. "அதெல்லாம் தாங்கும்" என்பது ஒன்று. "யார்கிட்டயாவது சார்ஜர் இருக்கா?" என்பது மற்றொன்று. முதல் விடை இரண்டாம் விடையாகத் திரியும் கணத்தை முன்கூட்டியே அறிய முடியுமா என்பதே இவ்வாய்வின் பொருள்.

முன்னோர் பணியைச் சுருங்கச் சொல்லலாம். லித்தியம் அயனி பேட்டரியை சோனி நிறுவனம் 1991இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளமிட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ மூவரும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். குட்இனஃபுக்கு அப்போது வயது 97. அந்த ஆயுளையும் யாரும் கணித்திருக்க முடியாது என்பது இத்துறையினர் கருத்தில் கொள்ளத்தக்கது.

திரையில் தெரியும் சதவீதம் நேரே அளந்து சொன்னது அன்று. சமையல் கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்த்து "இன்னும் ஒரு வாரம் வரும்" என்பதன் நாகரிக வடிவமே. உள்ளே ஒரு சிப் வரவு செலவு மின்சாரத்தைக் கூட்டிக் கழிக்கிறது, மின்னழுத்தத்தையும் பார்த்துக்கொள்கிறது. முழு சார்ஜில் சுமார் 4.2 வோல்ட். பிறகு நெடுநேரம் பெரிதாக அசையாது. கடைசியில் மளமளவென்று சரியும்.

இனி, நாம் கெட்டிமேள விளைவு எனப் பெயரிடும் நிகழ்வு. முகூர்த்த நேரம். பெரியப்பா தம் பழைய போனை இரு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறார். சார்ஜ் 17 சதவீதம். ஒருவர் நாதஸ்வரக்காரரை நோக்கி விரலை ஆட்டி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்கிறார். பெரியப்பா வீடியோவையும் விளக்கையும் ஒருசேர அழுத்துகிறார். திரை கறுக்கிறது.

காரணம் கண்ணேறு அன்று. வயதான பேட்டரியில் உள்தடை கூடியிருக்கும். திடீரென்று அதிக மின்சாரம் கேட்டால் மின்னழுத்தம் தாழ்ந்துவிடும். போன் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். மீண்டும் முடுக்கினால், பளு நீங்கிய மின்னழுத்தம் நிமிர்ந்து, 14 சதவீதம் இருப்பதாகக் கூசாமல் காட்டும். அதற்குள் தாலி ஏறி, அட்சதையும் விழுந்திருக்கும்.

ஊட்டிக் குளிரில் உள்தடை மேலும் கூடும். ரயிலில் சிக்னல் மெலிந்த இடங்களில் டவரை எட்ட போன் கூடுதல் சக்தியைச் செலவிடும். "இன்னும் 5 மணி நேரம்" என்று போன் சொல்வதோ, நாம் இதுவரை நடந்துகொண்டபடியே இனியும் நடந்துகொள்வோம் என்ற நம்பிக்கையில். துபாயிலிருந்து சித்தப்பா வீடியோ காலில் வரப்போவது எந்தச் சிப்புக்கும் தெரியாது. அவர் எப்போது போனை வைப்பார் என்பது சித்திக்கே தெரியாது.

ஆகவே, முகூர்த்தத்தைப் படம்பிடிக்கும் பொறுப்பைப் பழைய போன் வைத்திருப்பவரிடம் ஒப்படைக்க வேண்டாம் என்று கல்யாண வீட்டாரை இவ்வாய்வு கேட்டுக்கொள்கிறது. பெரியப்பா பந்தியைக் கவனிக்கட்டும்.