கொம்பன் காணவில்லை

திறமூல எழுத்துச் செயலி ஒன்றின் புதிய பதிப்பு வெளிவருமுன் பலர் கூடிச் சோதித்துப் பிழை சொல்லலாம் என்று அழைப்பு வந்தது. பெயர் வேண்டாம், பாவம், இன்னும் வெளியே வரவில்லை. அஞ்செட்டி கம்ப்யூட்டர் சென்டரில் ஞாயிற்றுக்கிழமை கூடினோம்: ஓசூரில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்த தம்பி, இ-சேவை மையத்து அக்கா, ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார், நான். பேச்சு தமிழிலும் கன்னடத்திலும். திட்டுவதற்கு மட்டும் தெலுங்கு.

முதல் அறிக்கை தம்பியுடையது: "ஒரு மாதிரி ஆகுது." அக்கா அரசுப் படிவங்களோடு வாழ்கிறவர். தலைப்பில் "பிழை" என்று போட்டார், விவரத்தில் "ஆவன செய்யவும்."

அந்த நேரம் தம்பியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் அவன் மாமா: "உரிகம் ரோடு, நம்ம ராகிக் காட்டுக்கு மேக்கால. இப்பத்தான், பத்து நிமிசம் இருக்கும். ரெண்டு பெருசு, ஒரு குட்டி. ஓடைப் பக்கமா இறங்குது. பாரஸ்டுக்குச் சொல்லிட்டேன், நீ அந்த வழியா வராதே."

நான் அசந்துபோனேன். இடம், நேரம், எண்ணிக்கை, போகும் திசை, இதுவரை எடுத்த நடவடிக்கை! மொசில்லாக்காரர்கள் 1998 முதல் பக்ஸில்லா என்ற பிழைப்பதிவேட்டை வைத்துக்கொண்டு உலகத்தாரிடம் கெஞ்சிக் கேட்பது இதைத்தான். 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பே, பன்னேர்கட்டா பக்கமிருந்து யானை இறங்கும் இந்த ஊர் அதில் தேறிவிட்டது. யாரும் "யானை ஒரு மாதிரி இருக்கு, ஆவன செய்யவும்" என்று சொல்வதில்லை.

"அக்கா, யானை வந்திருக்குன்னு நினைச்சு எழுதுங்க" என்றேன். முறைத்தார். ஆனால் எழுதினார்.

பலன் வாத்தியாரிடம் தெரிந்தது. ஊர் யானைகளைப் பற்றி அவர் எப்போதோ எழுதிய கட்டுரையைத் திறந்து "கொம்பன்" என்று தேடினார். இல்லை என்றது. "கண்ணெதிரே நிக்கிறான், இல்லைங்குதே!" என்று கொதித்தார். அக்கா எழுதினார்: கோப்பைத் திறந்தோம், தேடல் பெட்டியில் "கொம்பன்" என்று தட்டினோம், முதல் பத்தியிலேயே காட்டியிருக்க வேண்டும், எங்கும் காட்டவில்லை. கோப்பையும் இணைத்தார்.

கோப்பு இல்லாமல் அறிக்கை போயிருந்தால், செயலியை எழுதுகிறவர்கள் "எனக்கு வேலை செய்கிறதே" என்று அதை மூடியிருப்பார்கள். பக்ஸில்லாவில் அதற்கென்றே ஒரு முத்திரை உண்டு. வீட்டுக்கு வந்த மெக்கானிக் முன்னால் மட்டும் ஒழுங்காக ஓடும் மிக்ஸிக்குக் குத்த வேண்டியது. கோப்பு கையில் இருந்ததால் காரணம் உடனே சிக்கியது. யூனிகோடில் "கொ"வின் குறியை ஒரே எழுத்தாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் வைக்கலாம். இரண்டும் ஒன்றே என்பது விதி. செயலி அதைப் படிக்கவில்லை.

எழுத்தால் பெரிய கம்பெனியும் சறுக்கியதுண்டு. 2018 பிப்ரவரியில் "ஞானம்" என்பதன் முதல் தெலுங்கு எழுத்துக் கூட்டு வந்து விழுந்தால் ஐபோனின் செயலிகள் நின்றுபோயின. எந்த எழுத்து, எந்தப் பதிப்பு என்று உலகமே துல்லியமாகச் சொன்னது. செய்தி பரவிய ஒரு வாரத்துக்குள் ஐஓஎஸ் 11.2.6 வந்து அடைத்தது. ஞானம் தாங்காத போன் என்று எங்கள் தெலுங்கு நண்பர்கள் இன்னும் சிரிக்கிறார்கள்.

நீங்களும் பிழை சொல்ல வருகிறீர்களா? வாருங்கள். ஒரு அறிக்கையில் ஒரு பிழை போதும். பதிப்பு எண்ணை மட்டும் மறக்காதீர்கள். பெரும்பாலும் உதவி மெனுவின் கடைசி வரியில் இருக்கும்.