ஓவர்ரேட்டட் ஆசாமி

எந்தக் கூட்டத்திலும் ஆளைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். யாரோ ஒருவர் வெள்ளந்தியாக, "எனக்கு பிங்க் ஃப்ளாய்ட்னா உசிரு" என்று சொல்லிவிட்டுத் தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுப்பார். முறுக்கு வாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் மூலை நாற்காலியிலிருந்து ஒரு பெருமூச்சு வரும்.

"எந்த பிங்க் ஃப்ளாய்ட்?"

முறுக்குக்காரர் திகைப்பார். ஒன்றுதானே இருக்கிறது என்று அதுவரை நிம்மதியாக வாழ்ந்துவந்தவர் அவர்.

"இல்ல, சிட் பாரெட் இருந்தாரே அதுவா? 1968-ல அவரைக் கழட்டிவிட்டதுக்கு அப்புறம் வந்ததா? இல்ல 1985-ல ரோஜர் வாட்டர்ஸ் கிளம்பினப்புறம் மிச்சம் இருந்ததா?"

"வந்து... அந்த முக்கோணம் போட்ட ஆல்பம் சார்..."

"ஓ, அதுவா."

அவ்வளவுதான். முறுக்குக்காரர் அன்றிரவு வேறு எதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்ல மாட்டார், சட்னி உட்பட.

ஆசாமிக்கு வயது ஐம்பத்தைந்துக்கும் அறுபத்தைந்துக்கும் இடையில். சென்னையில் அடையாறு, பெசன்ட் நகர், அண்ணா நகர்ப் பக்கம் காணக் கிடைப்பார். பெங்களூரில் நடமாட்டம் இன்னும் அதிகம். படித்தது இன்ஜினீயரிங், பார்த்தது நல்ல உத்தியோகம். வார நாளில் முழுக்கை சட்டை, வார இறுதியில் பேண்ட் படம் போட்ட, வெளுத்துப்போன கறுப்பு டி-ஷர்ட். அதே கறுப்பு டி-ஷர்ட்டை பாண்டி பஜாரில் வாங்கிப் போட்டுக்கொண்டு எதிரே வரும் பையன்களைக் கண்டால் மட்டும் ஆகாது. நடுத்தெருவில் நிறுத்தி, "தம்பி, இவங்க பாட்டு மூணு சொல்லு" என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். ஒரு பையன் திருப்பிக் கேட்டானாம்: "இது பேண்டா அங்கிள்? நான் ஏதோ டிசைன்னு நெனச்சேன்."

இவருடைய ஞானம் கேசட்டில் ஊறியது. பீட்டில்ஸ் எல்பி கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் அச்சாகி வந்த காலம் இவருடைய அண்ணன்மார் காலம். இவர் தலையெடுத்தபோது ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர்கள் வந்துவிட்டன. தொண்ணூறு நிமிட டீடிகே கேசட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு, கோடு போட்ட தாளில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் பதிந்து தருவார்கள். கடைக்காரருக்கு டேப்பை வீணாக்கப் பிடிக்காது. பக்கம் எங்கே முடிகிறதோ, பாட்டும் அங்கேயே முடிந்துவிடும். அப்படித்தான் ஆசாமியின் 'ஹோட்டல் கலிபோர்னியா'வில் கடைசி கிட்டார் கச்சேரி பாதியில் 'டப்' என்று நின்றது. டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் மாறி மாறி வாசித்து உச்சத்துக்குப் போகும் அந்த இடத்தின் மீதிப் பாதி வருஷக்கணக்காக அவருக்குக் கிடைக்கவே இல்லை. பின்னாளில் முழுப் பாட்டையும் கேட்டவர் சொன்ன தீர்ப்பு: "கடைசியில கொஞ்சம் இழுவை. எங்க ரெக்கார்டிங் சென்டர்க்காரருக்கு இருந்த எடிட்டிங் சென்ஸ் இவங்களுக்கு இல்ல."

ஈகிள்ஸ் குழுவின் மேல் அவருக்கு வேறொரு வருத்தமும் உண்டு. 1976-ல் வந்த அவர்களுடைய முதல் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பு 38 முறை பிளாட்டினம், அதாவது 3 கோடியே 80 லட்சம் பிரதிக்குச் சமம் என்று 2018-ல் அமெரிக்காவில் சான்றிதழ் வாங்கியது. அந்த நாட்டில் அதிகம் விற்ற ஆல்பமே அதுதான். அத்தனை பேர் வாங்கிய ஒன்று நன்றாக இருக்க வழியே இல்லை என்பது ஆசாமியின் சித்தாந்தம். இதில் ஒரு வேடிக்கை: அந்தத் தொகுப்பு வந்தபோது 'ஹோட்டல் கலிபோர்னியா' பிறக்கவே இல்லை. அது அதே வருஷம் டிசம்பரில்தான் வந்தது. இதை அவரிடம் சொன்னால் ஆளுக்குக் குஷி கிளம்பிவிடும். "பாத்தியா? உருப்படியான பாட்டு ஒண்ணுகூட இல்லாமலே வித்திருக்கான்!" இழுவை என்று போன நிமிஷம் திட்டிய பாட்டு, இந்த நிமிஷம் உருப்படியான பாட்டு ஆகிவிட்டது. கேட்டால் கோபித்துக்கொள்வார்.

சரி, யார்தான் நல்ல பேண்ட் என்று கேட்டுத் தொலைக்கக் கூடாது. கேட்டால் ஸாம்பீஸ் என்பார். 1968-ல் அவர்கள் போட்ட ஆல்பத்தின் அட்டையில் பெயரே எழுத்துப்பிழையோடு அச்சாகியிருக்கும். ஆல்பம் கடைக்கு வருவதற்குள் குழு கலைந்துவிட்டது. இதைவிடப் பெரிய யோக்கியதாம்சம் வேறென்ன வேண்டும்? ஆனால் அதிலிருந்து 'டைம் ஆஃப் த சீஸன்' என்ற ஒரே ஒரு பாட்டு 1969-ல் அமெரிக்காவில் பிய்த்துக்கொண்டு ஓடியது. ஆசாமி அந்த ஒரு பாட்டை மட்டும் தள்ளிவைத்துவிட்டார். மற்றவை எல்லாம் அமிர்தம்.

அவர் கைவசம் நிறைய மேற்கோள் உண்டு. ரிங்கோ ஸ்டாரை மட்டம் தட்ட வேண்டுமென்றால், பீட்டில்ஸுக்குள்ளேயே அவரைவிட நன்றாக டிரம்ஸ் அடிக்கிறவர் உண்டு என்று ஜான் லெனனே நக்கலடித்ததாகச் சொல்வார். லெனன் அப்படிச் சொன்னதற்கு ஆதாரமே கிடையாது. லெனன் 1980-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ஜோக் பிரிட்டிஷ் நகைச்சுவைக்காரர்கள் வாயில் புறப்பட்டதே அதற்கப்புறம்தான். இதை எடுத்துச் சொன்னால், "சொல்லாட்டி என்ன, நெனச்சிருப்பார்ல?" என்பார். இதற்கு என்ன பதில் சொல்வது?

ஜான் லைடனை இவர்களுடைய குலதெய்வம் என்று சொல்லலாம். பிங்க் ஃப்ளாய்ட் படம் போட்ட டி-ஷர்ட்டில், தனக்கு அவர்களைப் பிடிக்காது என்று கைப்பட எழுதி மாட்டிக்கொண்டு 1975-ல் லண்டனில் திரிந்த பிள்ளை அவர். அந்த டி-ஷர்ட் கண்ணில் பட்டுத்தான் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவில் பாடக் கூப்பிட்டார்கள். பின்னாளில் லைடனே, தனக்கு 'டார்க் சைட் ஆஃப் த மூன்' பிடிக்கும் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். கதையின் இந்தப் பின்பாதி ஆசாமிக்குத் தெரியாமல் இல்லை. சொல்லும்போது மட்டும் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

பட்டியல்கள் வந்தால் மனிதர் துள்ளுவார். ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2003-ல் போட்ட ஐந்நூறு ஆல்பங்கள் பட்டியலில் பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' முதலிடம். 2020-ல் புதுப்பட்டியல் போட்டார்கள். மார்வின் கே முதலிடம், பெப்பர் 24-க்குச் சறுக்கியது. ஆசாமி அன்று பத்துப் பேருக்கு ஃபோன் போட்டு "நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார். மறுநாள் குரல் இறங்கிவிட்டது. பட்டியலில் 'ஆபி ரோடு' ஐந்தாவது இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதை அதற்குள் பார்த்துவிட்டார். பத்திரிகையே சரியில்லை என்று முடிவுகட்டினார். 1969-ல் லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தை அதே பத்திரிகை கிழித்துத் தொங்கவிட்டதே, அந்த விமர்சனம் மட்டும் இன்றுவரை பத்திரமாக இருக்கிறது. அன்றைக்கு மட்டும் பத்திரிகை சரியாக இருந்தது போலும்.

ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விஷயத்திலும் இதே கதைதான். அது வெறும் வியாபாரம், அதற்கு மரியாதையே கிடையாது என்பார். மரியாதையே இல்லாத அந்த இடத்தில் டீப் பர்ப்பிளைச் சேர்க்கவில்லையே என்று வருஷக்கணக்கில் கொதித்தார். 1993-லேயே தகுதி வந்துவிட்ட குழுவை 2016-ல்தான் சேர்த்தார்கள். சேர்த்த அன்று சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், "இவங்களையெல்லாம் சேத்துட்டாங்கன்னா தரம் எங்க போச்சு பாரு" என்று அலுத்துக்கொண்டார்.

குவீனுக்கு மட்டும் சலுகை. அதற்குக் காரணம் இசை இல்லை. அதன் பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் இயற்பெயர் ஃபரோக் புல்சாரா. பார்சிக் குடும்பம், பிறந்தது ஸான்ஸிபாரில், படித்தது பஞ்ச்கனி செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில். "நம்ம பையன்ப்பா" என்று சொல்லி ஃபைலை மூடிவிடுவார். தேசப்பற்று அவருக்குத் திடீரென்று வரும், ஒரே ஒரு பேண்டுக்காக வரும்.

ரோலிங் ஸ்டோன்ஸ் 2003 ஏப்ரலில் பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு வந்தார்கள். ஆசாமி லீவு போட்டு, ரயிலேறிப் போய், நின்றபடியே பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சொன்னது: "அறுபதைத் தொடப்போற ஆளு இடுப்பை ஆட்டறான். பாக்கச் சகிக்கல." அந்த ஆளு, மிக் ஜாகர், 2024-ல் எண்பது வயதில் அமெரிக்காவில் ஊர் ஊராக ஆடினார். நம்மவருக்கு இப்போது அறுபத்திரண்டு. மாடிப்படியில் பக்கவாட்டாகத்தான் இறங்குகிறார்.

இவர் தனியாக இருக்கும்வரை யாருக்கும் ஆபத்தில்லை. சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேர் கூடினால்தான் கஷ்டம். ஒரு வக்கீல் நண்பர், ஒரு ரிட்டயர்டு பாங்க் மேனேஜர் (இவருக்கு விற்பனைக் கணக்கு மனப்பாடம்), மிக்ஸர் வாங்கி வருகிற பொறுப்பில் நான். சில வாரம் ஐந்தாவதாக ஒருவர் வருவார். எதைப் பேசினாலும், "இதையெல்லாம் ராஜா எப்பவோ பண்ணிட்டார் சார்" என்பார். அந்த ஒரு கணம் மட்டும் மற்ற மூவரும் கட்சி பேதமில்லாமல் ஒன்றுசேர்ந்து அவரை முறைப்பார்கள். மறுத்துப் பேச யாருக்கும் துணிச்சல் கிடையாது.

போன சனிக்கிழமை லெட் செப்பலினின் 'ஸ்டேர்வே டு ஹெவன்' மாட்டியது.

"டேய், இவங்க கையை வெச்சதெல்லாம் அடுத்தவன் சொத்துடா" என்று ஆசாமி தொடங்கினார். "வில்லி டிக்ஸன் கேஸ் என்னாச்சு?"

"1987-ல வெளிய பேசி முடிச்சுட்டாங்க" என்றார் வக்கீல்.

"பேசி முடிச்சான்னா என்ன அர்த்தம்?"

"பேசி முடிச்சாங்கன்னு அர்த்தம். ஸ்டேர்வே கேஸ்ல 2016-ல ஜூரி செப்பலின் பக்கம். 2020-ல அப்பீல்லயும் ஜெயிச்சாச்சு. அப்புறம் என்ன?"

"ஸ்பிரிட் பேண்டோட பாட்டு 1968. இவங்க பாட்டு 1971. எது முன்னாடி, எது பின்னாடி? உனக்குக் கணக்கு வருமா வராதா?"

"மச்சி, நீ ஜூரியா, நான் ஜூரியா?"

பாங்க் மேனேஜர் குறுக்கே வந்து, அந்த ஆல்பம் உலகம் பூராவும் எவ்வளவு விற்றது என்று ஆரம்பித்தார். மிக்ஸர் தீர்ந்தது. கடிகாரம் எட்டைத் தாண்டியது. லீவுக்கு வந்திருந்த ஆசாமியின் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, ரெண்டு மணி நேரமா எதைப் பத்திப் பேசறீங்க?"

"ஸ்டேர்வே டு ஹெவன்மா. உனக்குத் தெரியாது."

"அப்ப போடுங்களேன், கேக்கலாம்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டிசம்பர் சீசனில் உள்ளே தனி ஆவர்த்தனம் நடந்துகொண்டிருக்க, கான்டீனில் உட்கார்ந்து பாடகரின் சுருதி சுத்தத்தை அலசுகிற ரசிகர்களைப் போல, அத்தனை சனிக்கிழமைகளிலும் நாங்கள் ஒரு பாட்டுகூடக் கேட்டதில்லை. யாருக்கும் தோன்றியதில்லை.

ஆசாமி எழுந்து, விறகுக்கட்டு சுமக்கும் கிழவர் படம் போட்ட அந்தப் பெயரில்லாத எல்பியை அலமாரியிலிருந்து உருவினார். வெல்வெட் பிரஷால் துடைத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மறுபடி துடைத்தார். "இது இந்தியப் பிரதியாடா, இங்கிலாந்துப் பிரதியா?" என்று மேனேஜர் கேட்டுவைத்தார். போச்சு. எந்த நாட்டுப் பிரதியில் தாழ்ந்த சுரம் சரியாகக் கேட்கும் என்பதில் இருபது நிமிஷம் போனது. ஊசியில் ஏதோ ஒட்டியிருந்தது. கண்ணாடியைத் தேடினார்கள். இடது ஸ்பீக்கரின் ஒயர் கழன்றிருந்தது. அதை யார் கழற்றியது என்று தனி விசாரணை.

இதற்குள் அந்தப் பெண் உள்ளே போய், காதில் மாட்டிக்கொண்டு, ஃபோனிலேயே முழுப் பாட்டையும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்திருந்தாள்.

"நல்லாத்தான்பா இருக்கு" என்றாள். "ஆனா கொஞ்சம் ஓவர்ரேட்டட் இல்ல?"

ஆசாமியின் கையிலிருந்து பிரஷ் விழுந்தது.

"என்னது? ஓவர்ரேட்டடா? யாரைப் பாத்து என்ன சொல்றே? எட்டு நிமிஷப் பாட்டும்மா அது! நாலு நிமிஷம் கழிச்சுத்தான் டிரம்ஸே உள்ள வரும். அவ்வளவு பொறுமை இன்னைக்கு எவனுக்கு இருக்கு? அமெரிக்காவுல அதை சிங்கிளா விக்கவே மாட்டேன்னாங்க, தெரியுமா? டிரம்மர் பான்ஹாம் 1980-ல செத்தப்ப, அவன் இல்லாம வாசிக்க மாட்டோம்னு பேண்டையே கலைச்சாங்க!"

"இல்லப்பா, அந்தப் பழைய பாட்டுலேர்ந்து எடுத்ததுன்னு நீங்கதானே இப்ப..."

"கோர்ட்டே இல்லைன்னு சொல்லிடுச்சு! 2020-ல! அங்கிளைக் கேளு!"

வக்கீல் தாடையைச் சொறிந்துகொண்டார். "பாப்பா சொல்றதுலயும் ஒரு பாயின்ட் இருக்குடா" என்றார். "ஸ்பிரிட் பாட்டு 1968 இல்லையா?"

"நீ சும்மா இரு! உனக்கு மியூசிக்கைப் பத்தி என்னடா தெரியும்?"

உள்ளேயிருந்து, "ஏங்க, தோசை ஆறுது" என்று மூன்றாவது தடவையாகக் குரல் வந்தது. சாப்பிட உட்கார்ந்த பிறகும் ஆசாமியும் வக்கீலும் ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பவில்லை. சட்னிப் பாத்திரம் என் வழியாகத்தான் போய் வந்தது. கை கழுவும்போது மேனேஜர் என் காதருகே வந்து, அடுத்த வாரம் டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்றும், மிக்ஸரில் இந்தத் தடவை வேர்க்கடலை போதவில்லை என்றும் சொன்னார்.