ஜெர்மனியில் படிக்கும் பிள்ளை

மெக்கானிக்கல் முடித்து, எம்.எஸ். படிக்க ஜெர்மனிக்குக் கிளம்பும் தமிழ்நாட்டு மாணவர், உலகத்தை இரண்டாகப் பிரித்துவைத்துக்கொண்டுதான் விமானம் ஏறுவார்: ஒழுங்கான ஜெர்மனி, உருப்படாத மற்ற நாடுகள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது என்பதால் பக்தி இன்னும் கூடும். விசாவுக்காக, பணத்தை முடக்கிவைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ போட நகையை அடகு வைத்த அப்பாவுக்கு மட்டும் அந்த இலவசம் பிடிபடாது.

முதல் சில மாதங்கள் பிரமிப்பில் போகும். காலி பாட்டிலை இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்பக் கிடைப்பது வீடியோவாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வரும். குப்பையைத் தரம் பிரிப்பது எப்படி என்று அம்மாவுக்குப் பாடம் நடக்கும். (அம்மா காய்கறித் தோலைத் தனியே எடுத்துப் பசுமாட்டுக்கு வைப்பது இவர் பிறப்பதற்கு முன்பிருந்தே உள்ள வழக்கம்.)

குளிர்காலம் வந்ததும் பக்தி இறங்கத் தொடங்கும். டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது. இரவு பத்து மணிக்கு மேல் மிக்ஸி போட்டால், மறுநாள் கதவில் கீழ்வீட்டுக்காரரின் கண்ணியமான கடிதம் தொங்கும். ரயிலும் கைவிடும். ஆறு நிமிடத்துக்குள் வந்துசேரும் வண்டியை ஜெர்மன் ரயில்வேயான டாய்ச்ச பான் தாமதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை; அதையும் தாண்டித் தாமதமாகும் வண்டிகள் ஏராளம். தெற்கு ரயில்வேயை இவர் வாய் முதன்முதலாகப் பாராட்டுவது அப்படியொரு நடைமேடையில்தான்.

உண்மையான மாற்றமெல்லாம் விடுதியின் பொதுச் சமையலறையில் நடக்கிறது. ஊரில் 'இந்திக்காரங்க' என்று மொத்தமாகக் கட்டிவைத்திருந்த கூட்டம் பிகாராகவும் ராஜஸ்தானாகவும் பிரிந்து, ஆளுக்கொரு பருப்போடு அடுப்பருகே நிற்கும். லாகூர்க்காரரோடு கிரிக்கெட் நாளன்று பேச்சு நின்றுபோகும். மறுநாள் அவர் இஞ்சிபூண்டு விழுது கேட்டு வந்ததும் சமாதானம். கறிவேப்பிலைக்குப் போகும் கடையில், 1980களில் அகதியாக வந்த யாழ்ப்பாணத்து அண்ணர், "தம்பி எந்த ஊர்?" என்பார். ஈழத்தைச் செய்தியாக மட்டுமே அறிந்திருந்தவர், அவரோடு ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் தேருக்குப் போய் வடம் பிடிப்பார். 2002இல் ஈழத்தமிழர்கள் எழுப்பிய கோயில் அது. அண்ணரின் மகள் சரளமான ஜெர்மனில் ஏதோ கேட்பாள். ஏ2 நிலை ஜெர்மன் சான்றிதழ் வைத்திருக்கும் நம் மாணவர் சிரித்துச் சமாளிப்பார்.

ஜெர்மானியர்களைப் பற்றிய அபிப்பிராயம் மட்டும் பட்டம் வாங்கும்வரை பாதியிலேயே நிற்கும். வகுப்பு ஆங்கிலத்தில், சமையல் தெலுங்கு நண்பர்களோடு, சண்டை லாகூரோடு என்று நாள் கழிவதில், ஜெர்மானியர் ஒருவரோடு உட்கார்ந்து பேச நேரமே வாய்ப்பதில்லை.