சீட்டுக்கேற்ற வீக்கம்

எல்4, எல்5 என்று சொன்னால் தமிழ்நாட்டில் இப்போது யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘ஜவ்வு விலகிடுச்சா? எனக்கு எல்5, எஸ்1’ என்று உடனே பதில் மரியாதை வந்துவிடும். இதை எழுதுகிறவருக்கும் அந்த எல்4, எல்5தான். இடுப்பில் கிளம்பும் வலி இடது தொடையின் பின்பக்கமாக இறங்கிக் குதிகால்வரை போய்விட்டுத் திரும்பும். அதைச் சொன்ன மாத்திரத்தில் முன்பின் தெரியாதவர்கள் ரயிலில் அவருக்கு லோயர் பெர்த்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். டவுன் பஸ்ஸில் ஒரு கல்லூரிப் பையன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே எழுந்து நின்றிருக்கிறான். துண்டு போட்டு இடம் பிடித்த பரம்பரைக்கு வியாதியைச் சொல்லி இடம் பிடிப்பது பெரிய வித்தையா என்ன? அந்த வித்தை பலிக்காத ஒரே வாகனம் விமானம் என்பது போன வாரம் சிங்கப்பூர் போகக் கிளம்பியபோதுதான் அவருக்கு உறைத்தது. எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

கூடுதல் காசு கட்டாமல் விமானத்தில் வசதியான சீட் வாங்குவது எப்படி என்று சொல்வதுதான் இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன் சில கணக்குகளைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் கணக்கு அங்குலம். ஒரு சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த வரிசை சீட்டின் அதே புள்ளிவரை உள்ள தூரத்துக்கு விமானக்காரர்கள் ‘பிட்ச்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மலிவுக் கட்டண விமானங்களில் இது 28, 29 அங்குலம். ஒரு காலத்தில் 34, 35 அங்குலமெல்லாம் சர்வசாதாரணம். இந்த 28 அங்குலமும் முழங்காலுக்குக் கிடைப்பதில்லை; சீட் முதுகின் தடிமனும் இதற்குள்தான் அடக்கம். அமெரிக்காவில் இதைப் பற்றி வழக்கே நடந்து, 2018இல் சட்டமும் வந்து, சின்னச் சீட்டிலிருந்து ஆபத்தில் எழுந்து ஓட முடியுமா என்று 2019 கடைசியில் ஓக்லஹோமா சிட்டியில் ஆட்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். முடியும் என்று முடிவு வந்தது. சோதனைக்கு எடுத்துக்கொண்டவர்கள் எல்லாரும் 60 வயதுக்குட்பட்ட, திடகாத்திரமான பெரியவர்கள். குழந்தை கிடையாது, கிழவர் கிடையாது, ஜவ்வு விலகியவர் கிடையாது. அப்படிப்பட்டவர்கள் மட்டுமே ஏறிய விமானத்தை இதை எழுதுகிறவர் இதுவரை பார்த்ததில்லை.

இரண்டாவது கணக்கு முதுகினுடையது. ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960களில், உயிரோடிருக்கும் மனிதர்களின் ஜவ்வுக்குள்ளேயே ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது அழுத்தம் 100 என்று வைத்துக்கொண்டால், சாயாமல் உட்காரும்போது 140; மல்லாந்து படுத்தால் 25. ஆகவே இடுப்புக்காரர் விமானத்தில் படுக்க வேண்டும். அது முடியாதென்றால் நிற்க வேண்டும். அவர் காசு கொடுத்து வாங்குவதோ உட்காரும் உரிமையை. இந்த விஷயத்தில் டாக்டர் பேச்சைக் கேட்கக்கூடியதாகத் தெரிந்தது ஒரே ஒரு கம்பெனிதான்: இத்தாலியின் ஆவியோஇன்டீரியர்ஸ். பாதி நின்றபடி சேணத்தில் சாய்ந்துகொள்ளும் ‘ஸ்கைரைடர்’ என்ற சீட்டை 2010இல் கண்காட்சியில் வைத்தார்கள். பிட்ச் 23 அங்குலம். நல்லவேளை, யாரும் வாங்கவில்லை.

இனி கவுண்டருக்குப் போவோம்.

இணையத்தில் டிக்கெட் போடும்போதே சீட் படம் வந்தது. கால் நீட்டும்படியான வரிசைகளுக்குத் தனி நிறம், தனி விலை. அந்தக் காசைக் கட்ட இவருக்கு மனம் வரவில்லை. இந்த ஜவ்வுக்காக ஸ்கேன், பிசியோதெரபி, இடுப்பு பெல்ட் என்று ஏற்கெனவே கட்டியாயிற்று. அதே ஜவ்வுக்கு விமானக் கம்பெனியும் பில் போடுவது எந்த ஊர் நியாயம்? ஆகவே எலும்பு டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்று எம்.ஆர்.ஐ. ஃபிலிம் இருந்த பெரிய கவரையும் எடுத்துக்கொண்டார். அந்தக் கவர் எந்தப் பைக்குள்ளும் போகாது. கக்கத்தில் இடுக்கினால் நடக்க வராது, கையில் பிடித்தால் முன்னால் போகிறவர் முதுகில் இடிக்கும். விமான நிலையத்தில் அதைச் சுமந்து வருகிறவரைப் பார்த்தாலே வழிவிடத் தோன்றும். அதுதான் அதன் மருத்துவப் பயன்.

கவுண்டரில் இருந்த பெண் ஃபிலிமை மரியாதைக்காக விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். தலைகீழாகத்தான். பிறகு கடிதத்தைப் படித்தார்.

“சார், ‘நீண்ட நேரம் உட்காருவதைத் தவிர்க்கவும்’னு டாக்டர் எழுதியிருக்காரே?”

“ஆமாம்மா. அதனாலதான் முன்னாடி சீட் கேக்கறேன்.”

“சிங்கப்பூர் நாலு மணி நேரம் சார். உக்காந்துதான் ஆகணும். இந்த லெட்டர்படி பாத்தா நான் உங்களை ஏத்தவே கூடாது. மெடிக்கல் டீமைக் கூப்பிடட்டுமா?”

அந்த நொடியில் இவருக்கு வந்த ஆரோக்கியத்தை எந்தப் பிசியோதெரபிஸ்ட்டும் கொடுத்ததில்லை. “சேச்சே, அவ்வளவு மோசமில்லம்மா. சும்மா லேசா” என்று கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சூட்சுமம் இங்கேதான். வியாதி குறைவாக இருந்தால் சீட் இல்லை; கூடினால் பயணமே இல்லை. நடுவில் ஒரு நூலிழை அளவு இருக்கிறது, அதில் நம் வியாதி சரியாகப் போய் உட்கார வேண்டும். விமானக் கம்பெனிகள் வைத்திருக்கும் ‘மெடிஃப்’ என்ற மருத்துவப் படிவத்தைப் பார்த்தால் இது விளங்கும். நோயாளியைப் பார்க்கும் டாக்டர்தான் அதை நிரப்ப வேண்டும். அதில் ஒரு கேள்வி: சீட்டின் முதுகை நிமிர்த்தி வைத்திருக்கும்போது நோயாளியால் சாதாரண சீட்டில் உட்கார முடியுமா? ‘முடியும்’ என்றால் அப்புறம் எதற்கப்பா படிவம் என்பார்கள். ‘முடியாது’ என்றால் பேச்சு ஸ்ட்ரெச்சருக்குப் போய்விடும். பல சீட்களை மடக்கிப் போட்டு அதன்மேல் கட்டுவார்கள், அத்தனைக்கும் சேர்த்து ஒருவர்தான் காசு கட்ட வேண்டும். ‘முடியும், ஆனால் முணுமுணுப்பார்’ என்று எழுத அதில் இடமில்லை.

இத்தனைக்கும் விமானக்காரர்களுக்கு நம் கால்களைப் பற்றித் தெரியாமல் இல்லை. டிக்கெட் போடும் கம்ப்யூட்டரில் சங்கேத எழுத்துகள் இருக்கின்றன. இடது காலில் மாவுக்கட்டு என்றால் எல்ஈஜிஎல். வலது என்றால் எல்ஈஜிஆர். இரண்டும் என்றால் எல்ஈஜிபி. வீணைக்கு, செல்லோவுக்குத் தனி சீட் வாங்கினால் அதற்கும் ஒரு சங்கேதம் உண்டு. கட்டுப் போட்ட காலுக்கு எழுத்து இருக்கிறது, வீணைக்கு எழுத்து இருக்கிறது. கட்டுப் போடாமல் வெறுமனே வலிக்கிற காலுக்கு இல்லை. அமெரிக்காவில் 1986இல் வந்த சட்டத்தை ஒட்டிய விதிகளில், மடக்கவே முடியாத கால் உள்ளவருக்கு முன் தடுப்பை ஒட்டிய சீட்டோ கால் நீட்ட இடமுள்ள சீட்டோ கொடுத்தாக வேண்டும். எந்தக் கால் என்று பார்த்து, அதற்கு ஏற்ற பக்கத்திலும் கொடுக்க வேண்டும். ஆனால் வாங்கிய வகுப்புக்கு மேலே ஏற்றிவிட வேண்டிய அவசியம் இல்லை. கனடாவில் இன்னும் ஒரு படி மேலே. உடல் நிலையால் இரண்டாவது சீட் தேவைப்படுகிறவரிடம் உள்நாட்டு விமானத்தில் அதற்குத் தனிக் கட்டணம் வாங்கக்கூடாது என்று 2008இல் அங்குள்ள போக்குவரத்து ஆணையம் பெரிய கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. இவர் போவது சிங்கப்பூருக்கு.

“எமர்ஜென்சி எக்ஸிட்ல ஒரு சீட் காலியா இருக்கு சார்” என்றார் அந்தப் பெண், இரக்கப்பட்டு. “நிறைய லெக் ஸ்பேஸ். ஆனா நீங்க ஃபுல் ஃபிட்டா இருக்கணும்.”

மேஜைமேல் ஃபிலிம் இன்னும் அப்படியே கிடக்கிறது.

இந்த எமர்ஜென்சி எக்ஸிட் சமாசாரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். மலிவு விமானம் ஒன்றில் காலை நீட்டக்கூடிய இடம் பெரும்பாலும் அந்த இறக்கைப் பக்கத்து வரிசைகள்தான். அங்கே கால் வலிக்காரர் உட்காரக்கூடாது. கால் வலி இல்லாதவர்தான் காலை நீட்ட வேண்டும். அமெரிக்க விதியைப் படித்துப் பார்த்தால் அவர்கள் எதிர்பார்க்கும் ஆள் யார் என்று தெரியும். 15 வயது நிறைந்திருக்க வேண்டும். மேலே, கீழே, பக்கவாட்டில் என்று கை எட்ட வேண்டும். தள்ள, இழுக்க, திருக வேண்டும். இறக்கைக் கதவின் அளவும் எடையும் கொண்ட பொருளைக் கழற்றித் தூக்கி, பிடித்து, பக்கத்து சீட்டில் வைக்கவோ முன்வரிசையைத் தாண்டிப் போடவோ வேண்டும். இதையெல்லாம் செய்யும்போது தடுமாறக்கூடாது. அப்புறம் விரைந்து வெளியேற வேண்டும். வெளியே போய், சறுக்கில் இறங்கி வருகிறவர்களைக் கைதூக்கி விடவும் வேண்டும். அரசாங்க வேலைக்கான உடல் தகுதித் தேர்வில்கூட இவ்வளவு கேட்பார்களா என்று தெரியவில்லை.

ஏ320 விமானத்தில் அந்த இறக்கைக் கதவின் எடை சுமார் 15 கிலோ. இந்த எண்ணில்தான் இவர் மாட்டிக்கொண்டார். ஏனென்றால் வீட்டு கேஸ் சிலிண்டர் காலியாக இருக்கும்போது ஏறக்குறைய அதே எடை. ஜவ்வு விலகிய நாளிலிருந்து இவர் வீட்டில் சிலிண்டரைத் தொட்டதில்லை. ஆள் வந்து மணி அடித்தால், பால்கனிக்குப் போய்ச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். காலி சிலிண்டரை அடுப்படியிலிருந்து வாசல்வரை உருட்டிக்கொண்டு போவது அவர் மனைவி. குனியக்கூடாது, எடை தூக்கக்கூடாது, திரும்பக்கூடாது என்று டாக்டர் சொன்னதை மனைவிக்குத் தேதி வாரியாக ஞாபகப்படுத்தி வைத்திருக்கிறார். ‘டாக்டர் சொன்னார்’ என்ற இரண்டே வார்த்தையில் சிலிண்டர், அரிசி மூட்டை, மெத்தையைத் திருப்பிப் போடுவது, பரணில் ஏறுவது, கொலுப்படி எடுப்பது என்று ஒரு முழுக் குடும்பப் பொறுப்பையும் தள்ளிவைத்திருக்கிறார். இப்போது அதே மனைவி பக்கத்தில் நிற்கிறார். ‘சார், உங்களால கதவைத் தூக்கி வைக்க முடியுமா?’ என்று விமானப் பணிப்பெண் கேட்பார்; வாய்விட்டு ‘முடியும்’ என்று சொல்ல வேண்டும், தலையை மட்டும் ஆட்டினால் போதாது. சொன்னால் சிங்கப்பூர்வரை கால் நீட்டலாம். திரும்பி வந்த பிறகு ஆயுசுக்கும் சிலிண்டர் தூக்க வேண்டும்.

மனைவியைப் பார்த்தார். மனைவியும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், மிகுந்த ஆர்வத்தோடு.

“வேணாம்மா” என்றார்.

அமெரிக்க விதியில் இன்னொரு வேடிக்கை. அந்த வரிசை வேண்டாம் என்கிறவர் ஏன் வேண்டாம் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. கேட்டவுடன் மாற்றிக் கொடுக்க வேண்டும். நல்ல சீட்டைக் கேட்கத்தான் ஃபிலிம், கடிதம், படிவம் எல்லாம். விடுவதற்கு ஒன்றும் தேவையில்லை. மேலும், இறக்கைப் பக்கம் இரண்டு வரிசைகள் இருந்தால் முன்வரிசை சீட் பெரும்பாலும் பின்னால் சாயாது. இது இவருக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. அதில் கொஞ்சம் ஆறுதல்.

கூடுதல் இடம் கிடைத்தவர்கள் மட்டும் நிம்மதியாக இருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. முன்சீட் சாயாதபடி சாப்பாட்டுத் தட்டின் கைகளில் மாட்டும் ‘நீ டிஃபெண்டர்’ என்ற பிளாஸ்டிக் கிளிப் 2003இல் விற்பனைக்கு வந்தது. 2014 ஆகஸ்டில் நியூவார்க்கிலிருந்து டென்வர் போன யுனைடெட் விமானத்தில் ஒருவர் அதை மாட்டிக்கொண்டு கழற்ற மறுத்தார். முன்சீட் பெண் எழுந்து அவர்மேல் தண்ணீரை ஊற்றினார். விமானத்தைச் சிகாகோவில் இறக்கி இருவரையும் வெளியே அனுப்பினார்கள். இரண்டு பேருமே நாலு அங்குலம் கூடுதலாக உள்ள வரிசைகளுக்குரிய சீட்டில் இருந்தவர்கள்.

வீல் சேர் கேட்கலாமே என்று உறவினர்கள் சொல்லாமல் இல்லை. கேட்டால் வரிசையில் நிற்க வேண்டாம், முதலில் ஏறலாம். 2024இல் அமெரிக்காவின் ஃபிரான்டியர் விமான நிறுவனத் தலைவர் பேரி பிஃபிள், 20 பேர் வீல் சேரில் வந்து ஏறிய விமானத்திலிருந்து 3 பேர் மட்டும் வீல் சேரில் இறங்கியதைப் பார்த்ததாகப் புலம்பினார். நடுவானில் குணமான பதினேழு பேரைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நிஜமாகவே நடக்க முடியாத ஒரு பாட்டி தள்ளுவதற்கு ஆள் வராமல் வாசலில் காத்திருப்பது இவர்களால்தான் என்பதால், இவர் அந்த வேலைக்குப் போகவில்லை. தவிர, வீல் சேரில் வந்தாலும் உள்ளே அதே 28 அங்குலம்தான்.

கடைசியில் கிடைத்தது ‘சி’ சீட். நடைவழி ஓரம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் ‘சி’யில் உட்கார்ந்தால் நடைவழி வலது கைப் பக்கம். இவருக்கு வலிக்கிறது இடது கால். இடது காலை நீட்ட வேண்டுமென்றால் எதிர்ப்பக்கம் ‘டி’ வேண்டும். ‘டி’யில் ஓர் இளைஞன், இரண்டு காலையும் சீட்டின்மேல் மடக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டிருந்தான். நடைவழியில் நீண்டிருக்க வேண்டிய அவன் கால்களின் இடம் அநியாயமாகக் காலியாகக் கிடந்தது. அவனை எழுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, “தம்பி” என்று மேலேயிருந்து குரல் வந்தது.

எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா. அவருக்கு ஜன்னலோர ‘ஏ’. நடுவில் இவர் மனைவி.

“தம்பி, உள்ள போய் உக்காந்தா எனக்கு எந்திரிக்க வராது. நீங்க ஜன்னல் பக்கம் போயிடறீங்களா? ரெண்டு முட்டியும் மாத்தியிருக்கு.”

“எனக்கும் எல்4, எல்5ல ஜவ்வு விலகியிருக்குங்கம்மா” என்றார் இவர், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி. “இடது கால் பூரா இழுக்குது.”

“ஆபரேஷன் பண்ணியாச்சா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப பரவால்ல” என்று அந்த அம்மா கைப்பையை ‘சி’ சீட்டில் வைத்துவிட்டார்.

இவர் ஆதரவு தேடி மனைவியைப் பார்த்தார். மனைவி எழுந்து வழிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

“உள்ள போங்க. உங்களுது வெறும் ஜவ்வு. அவங்களுது ஸ்டீல்.”