எங்கள் ஊர் விஸ்காம்

பஸ்ஸை விட்டுவிட்டு வருகிறவர் செருப்பு அறுந்தது என்பார், சில்லறை இல்லை என்பார். "லைட் நல்லா இருந்துச்சு மாமா, அதான் நின்னுட்டேன்" என்று ஒருவன் சொன்னால், தயங்காமல் எழுதிக்கொள்ளுங்கள்: அவன் விஸ்காம் படிக்கிறான்.

படிப்பின் முழுப்பெயர் காட்சித் தொடர்பியல். அந்தப் பெயரைச் சொல்லி எங்கள் காஞ்சிபுரத்து ஓரிக்கையில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள் என்பதால் எல்லோரும் விஸ்காம் என்றே சொல்கிறோம். முதல் வருடம் அது படிப்பின் பெயர். இரண்டாம் வருடத்திலிருந்து ஆளின் பெயர். "விஸ்காம் வந்தானா? அவங்க அம்மா தேடுறாங்க." இந்த வகைப் பிள்ளை இப்போது தெருவுக்கு ஒருவன் இருக்கிறான். நான் எழுதுவது தன் மகனைத்தான் என்று எதிர்வீட்டு அக்கா நினைத்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அடையாளம் சுலபம். தாடி, கறுப்புச் சட்டை, ஜோல்னாப் பை. பைக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க், அதை விடப் பெரிய சார்ஜர். இரண்டு கைகளின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கட்டம் கட்டி, அதன் வழியாகத்தான் உலகத்தைப் பார்ப்பான். டீக்கடையில் அந்தக் கட்டத்துக்குள் நான் சிக்கினேன். "அங்கிள், அப்படியே இருங்க, டீ குடிக்காதீங்க." இருந்தேன். டீ ஆறியது. "செம ஃப்ரேம்" என்று சொல்லிவிட்டுப் போனான். எடுக்கவேயில்லை, கேமராவை நண்பன் வாங்கிப் போயிருந்தானாம்.

அவனுக்குத் தீராத ஒரு துக்கம் உண்டு. 2019இல் அத்தி வரதர் குளத்தை விட்டு 48 நாள் வெளியே இருந்தபோது அவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அப்பாவின் செல்போனில் எடுத்த வீடியோ முழுக்க முன்னால் நின்றவரின் வழுக்கைத் தலை. ரீடேக் 2059இல்தான்.

உறவுக்காரர்கள் அவனிடம் வாதாடுவதில்லை, தகவல் சொல்வார்கள். "லோகேஷ் கனகராஜ் பேங்க்ல வேலை பார்த்தவராம். கார்த்திக் சுப்பராஜ் இன்ஜினியர். கௌதம் மேனன் மெக்கானிக்கல். நீ நிஜமாவே டைரக்டர் ஆகணும்னா விஸ்காமை விட்டுட்டு ஒழுங்கா இன்ஜினியரிங் படிடா" என்பார் அவன் பெரியப்பா. இதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று விஸ்காமுக்குத் தெரியும்; எங்கே என்றுதான் தெரியாது. திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து எடுத்த 1986ஆம் வருடத்து 'ஊமை விழிகள்', அங்கே படித்த பி.சி. ஸ்ரீராம், புனேயில் ஒளிப்பதிவு படித்துவிட்டு வந்த பாலுமகேந்திரா என்று அவன் அடுக்குவான். பெரியப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்கல்லாம் படிச்சாங்கடா" என்பார்.

எங்கள் விஸ்காமும் அந்தத் தரமணித் திரைப்படக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டவன்தான். இடம் கிடைக்கவில்லை. அதனால் சென்னைக்குப் போகும் வழியில் இருக்கிற வேறொரு கல்லூரிக்கு தினமும் பஸ்ஸில் போய், ஊர் திரும்பியதும் எங்களை வைத்துப் பயிற்சி எடுக்கிறான். பாலாற்று மணலில் மட்டும் இதுவரை மூன்று குறும்படம். பாலைவனம், செவ்வாய்க் கிரகம், பாலாறு என்று அதே மணல் மூன்று வேஷம் போட்டிருக்கிறது. மூன்றிலும் பிணம் நான்தான். "உங்களுக்கு நேச்சுரலா வருது அங்கிள்" என்றான். எந்தப் பொருளில் சொன்னான் என்று நான் விசாரிக்கவில்லை.

ஒருமுறை குடவோலையைப் பற்றி ஆவணப்படம் எடுக்க உத்திரமேரூருக்கு ஒரு படையே கிளம்பியது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து விதிகள் வெட்டியிருக்கின்றன அல்லவா, அவற்றை ஒருவன் கேமரா முன்னால் உரக்கச் சொன்னான். வாரியத்தில் நிற்க வேண்டுமானால் வயது 35க்கு மேல் இருக்க வேண்டும். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது, அவன் உறவினரும் கூடாது. கடைசி விதி வந்ததும் குழுவில் சத்தமில்லை. போன படத்துக்கு ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் வசூலித்தவனை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தான். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முந்தைய கல்வெட்டு ஒரு தயாரிப்பாளரைக் கையும் களவுமாகப் பிடித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். ஆவணப்படம் அதோடு நின்றது.

அண்ணா 'ஓர் இரவு' படத்துக்கு ஒரே இரவில் வசனம் எழுதினார் என்று காஞ்சிபுரத்துக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். படம் வந்தது 1951இல். விஸ்காமும் ஒரு ராத்திரி ஃபிளாஸ்க் நிறைய காப்பியோடு உட்கார்ந்தான். விடியும்போது டைட்டில் கார்டு தயார். அதில் 'எழுத்து, இயக்கம்' என்ற வரிக்கு மட்டும் நாலு எழுத்துரு.

கடைசி வருடம் அனிமேஷன் பக்கம் சாய்ந்தான். நடிகருக்குச் சாப்பாடு போட வேண்டாம் என்பது ஒரு காரணம். நான் இனிமேல் சாக மாட்டேன் என்று சொல்லிவிட்டது இன்னொன்று. கதை கையிலேயே இருந்தது. தன்னைப் பாட மறுத்த கணிகண்ணனைப் பல்லவ ராஜா ஊரை விட்டு விரட்டினான். சீடன் பின்னால் திருமழிசையாழ்வார் கிளம்பினார். அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு யதோக்தகாரிப் பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மூவரும் அன்று இரவு தங்கிய இடம்தான் ஓரிரவிருக்கை. அதுவே தேய்ந்து ஓரிக்கை. ராஜா மன்னிப்புக் கேட்டதும் திரும்பிப் போனார்கள். "ரோட் மூவி அங்கிள்!" என்றான்.

ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேம் நிறுத்தினாலும் நொடிக்குப் பன்னிரண்டு படம் வரைய வேண்டும், ஒரு நிமிடத்துக்கு 720. அதிலும் ஆதிசேஷனுக்குச் செதில் செதிலாக. வீட்டில் கம்ப்யூட்டர் இரவெல்லாம் ஓடியது. "புள்ள ரெண்டர் போட்டிருக்கான், ஃபேனைப் போடாதீங்க" என்று அவன் அம்மா வருகிறவர்களிடம் தணிந்த குரலில் சொல்வார். மாவு பொங்கட்டும், பாத்திரத்தைத் தொடாதே என்கிற அதே குரல்.

அவன் அப்பா பட்டுத் தறிக்காரர். ஜக்கார்டு அட்டைகளோடு முப்பது வருடம் கழித்தவர். மகன் படிப்பைப் பற்றி அதுவரை வாய் திறந்ததில்லை. ஒருநாள் அவன் மேஜையில் கிடந்த படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இதுக்கும் அதுக்கும் எவ்ளோ வித்தியாசம்?"

"மயிரிழைதாம்ப்பா."

"நமக்கு ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. உனக்கு ஒரு அசைவுக்கு ஒரு படம். சரி, கூலி எவ்ளோ தராங்க?"

விஸ்காம் பேச்சை மாற்றினான். "பாதிதாம்ப்பா வரையணும். பெருமாள் எழுந்து பாயைச் சுருட்டுற வரைக்கும் வரைஞ்சுட்டா, திரும்பி வந்து படுக்கிறதுக்கு அதையே ரிவர்ஸ்ல ஓட்டிடலாம்."

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "யதோக்தகாரி கோயிலுக்குப் போயிருக்கியா?"

"லொக்கேஷன் பார்க்கப் போனேன்."

"பெருமாளைப் பார்த்தியா? மத்த கோயில்ல படுத்திருக்கிற மாதிரியா இருக்காரு? போயிட்டுத் திரும்பி வந்ததுக்கு அடையாளமா இடம் வலம் மாறிப் படுத்திருக்காருடா. நீ ரிவர்ஸ்ல ஓட்டினா பழையபடிதானே படுப்பாரு?"

விஸ்காம் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தான். கை தானாகக் கட்டம் கட்டப் போய், பாதியில் இறங்கியது. ஓடிக்கொண்டிருந்த ரெண்டரை நிறுத்திவிட்டுப் பென்சிலைச் சீவினான்.

"அம்மா, ஃபேன் போட்டுக்கோ" என்றான்.