மாப்பிள்ளை எண் 276

எரட்டா ஜெட்டியிலிருந்து லாங் ஐலண்ட் போகும் படகில், பக்கத்து இருக்கைத் தம்பி செல்போனில் விண்வெளிப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். கலத்துக்குள் ஒரு சிப்பாய். அவனுடைய பழைய குற்றம் அம்பலமாகிறது. கூட இருப்பவர்கள் மிரண்டுபோகிறார்கள். “இனி எப்படிண்ணே நம்புறது?” என்றான், நிஜக் கவலையோடு.

இந்த அந்தமான் தீவுகளுக்கு 1858இல் வந்த கைதிக் கப்பல்களில் அந்தத் தொல்லை கிடையாது. குற்றம்தானே டிக்கெட்!

தூத்நாத் திவாரி அப்படி வந்த சிப்பாய். வங்காளக் காலாட்படையின் 14ஆம் ரெஜிமென்ட். கலகம், படையைவிட்டு ஓட்டம். கைதி எண் 276. ஏப்ரலில் வந்தார், அதே ஏப்ரலில் தப்பினார். கூட ஓடியவர்களைப் பழங்குடியினர் அம்பெய்து கொன்றார்கள்; இவரை விட்டுவைத்தார்கள். மொட்டையடித்து, உடம்பெல்லாம் களிமண் பூசி, பெண்ணும் கொடுத்தார்கள், ஒன்றுக்கு இரண்டாக. நன்னடத்தைச் சான்றிதழ் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ‘ஓடுவதில் முன்அனுபவம் உண்டு’ என்றாவது தெரிந்திருக்கும்.

1859 மே மாதம் வெள்ளையர் குடியேற்றத்தைத் தாக்கப் பழங்குடியினர் கிளம்பினார்கள். மாப்பிள்ளை முந்திக்கொண்டு போய்க் கண்காணிப்பாளர் வாக்கரிடம் போட்டுக்கொடுத்தார். அபர்தீன் சண்டையில் வில்லும் அம்பும் துப்பாக்கியிடம் தோற்றன. கர்ப்பிணி மனைவி காட்டிலேயே கிடக்க, 1860இல் இவருக்கு மன்னிப்பு கிடைத்தது. பழைய ஓட்டத்துக்கான தண்டனையைப் புதிய ஓட்டம் கழித்துவிட்டது; நல்ல கணக்கு.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். படத்தை நிறுத்திவிட்டு என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு காலடியில் கிடந்த தன் பையை மெல்ல அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டான்.